புஸ்பம் ரீச்சருக்குக் கொழும்பு காட்டிய கதை

"பிள்ளை, வாகனத்தை ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

புஸ்பம் ரீச்சர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்ற குரல் அது. வானை ஓட்டிக்கொண்டிருந்த ஃபரீனா பிறேக்கை அமத்திவிட்டுத்தான் ஏன் என்று யோசித்தாள்.

கொட்டாஞ்சேனையில் பேராலயத்துக்குப் பின்பக்கமாக இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கைகளில் ஒன்று. பகல் பதினொரு மணி தாண்டியிருக்கும். தகரங்களில் பட்டுத் திரும்பிய வெயில் கண்ணைக் கூச வைத்தது. யாரோ வீட்டில் கருவாடு பொரித்தார்கள். வானின் ஏசியையும் மீறி மணம் உள்ளே வந்தது. அந்த ஒழுங்கையில் ஒரு பழைய வீட்டுக்கு மரப் பல்கனி இருக்கிறது. அதைக் காட்டத்தான் நான் வானை அதற்குள் திருப்பச் சொன்னேன்.

ரீச்சர் பல்கனியைப் பார்க்கவில்லை. கதவைத் தானே இழுத்துத் திறந்து இறங்கி, நாலு வீடு தள்ளிப் பின்னால் நடந்துபோய், ஒரு கேற்றுக்கு முன்னால் நின்றார். கேற்றில் கை வைத்தார். அப்படியே நின்றார்.

நான் என் மகள் ஷெரினை முழங்கையால் இடித்தேன். "பார்த்தியா? மனுசிக்குக் கொட்டாஞ்சேனை பிடிச்சுப் போச்சு" என்றேன்.

அப்படி ஒரு மடைச்சி நான்.

கேள்வி கேட்ட வாசகிக்கு

போன் சுவிச்போர்டில் வேலை செய்த காலத்தைப் பற்றிப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு தெஹிவளை வாசகி, கதையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், நேரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். ஊரிலிருந்து சொந்தக்காரர் வருகிறார்களாம். கைட் வைத்துச் சுற்றிக் காட்டுகிற டூர்கள் இப்போது நிறைய இருக்கின்றனவாம். எதைப் பிடித்தால் நல்லது என்று நான் சொல்ல வேண்டுமாம்.

அம்மா தாயே, நான் என்ன உல்லாசப் பயண அமைச்சா? ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அது ஒரு வரிப் பதில் இல்லை. அதற்குப் புஸ்பம் ரீச்சர் கொழும்புக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

என் ஒரே மகள் ஷெரின். கட்டடம் வரைகிற வேலை அவளுக்கு. கொழும்பில் ஒரு நல்ல இடத்தில் இருக்கிறாள். அவள் விரும்பிய பிள்ளை ஜெறோம். யாழ்ப்பாணம் குருநகர். தங்கமான பெடியன், எங்கள் கத்தோலிக்க வேதம், குடிவெறி இல்லை, நான் சமைத்தால் இரண்டாம் தரம் கேட்டுச் சாப்பிடுவான். ஒரே ஒரு குறை, தாய் கீறிய கோட்டைத் தாண்ட மாட்டான். தாய்தான் புஸ்பம் ரீச்சர். தகப்பன் சில வருடங்களுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார்.

ஜெறோமுக்கு வேலையில் இரண்டு கதவும் திறந்திருந்தன. கொழும்பிலேயே இருக்கலாம், அல்லது யாழ்ப்பாணத்துக் கிளைக்குப் போகலாம். ரீச்சர் போனில் எனக்கு வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "கலியாணம் எங்கையும் நடக்கட்டும் ரீற்றா அக்கா. ஆனா பிள்ளையள் இஞ்ச வந்திருக்கோணும். கொழும்பில வேண்டாம்."

ஏன் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கொழும்பென்றால் இளக்காரம், இங்கே ஒரு கிழமை நல்லாக இருந்து பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். "ஒரு கிழமை வந்து நில்லுங்கோ ரீச்சர், பிறகு முடிவெடுப்போம்" என்றேன். சம்மதித்தார்.

போனை வைத்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "என்ட பிள்ளையை ரயிலில ஏழெட்டு மணித்தியாலம் தள்ளி அனுப்ப மாட்டன். அந்த மனுசிக்குக் கொழும்பைக் காட்டி மயக்கியே தீருவன்." அவர் பேப்பரைத் திருப்பினார். முப்பத்திரண்டு வருடமாக என் சபதங்களுக்கு அவர் சொல்லும் பதில் அதுதான்.

டடா என்கிற கைட்

நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது கொட்டாஞ்சேனைக்கு யார் விருந்தாளி வந்தாலும் கைட் எங்கள் அப்பா, டடாதான். துறைமுகத்தில் வேலை செய்த மனுசன். அவருடைய டூரில் மூன்றே இடம். கொச்சிக்கடைக் கோயில், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, இரத்மலானையில் வேலிக்கு வெளியே நின்று பிளேன் பார்ப்பது.

ஒருமுறை அப்புத்தளையிலிருந்து வந்த மாமி குடும்பத்தை அந்த வேலியோரம் இரண்டு மணித்தியாலம் நிற்க வைத்தார். ஒரு பிளேனும் எழும்பவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. மாமி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தான், பிளேனு எங்க ஊருக்கு மேலயும்தான் போவுது, நாங்க அங்கயே பாத்துக்கிறோம்" என்றார். டடா விடவில்லை. பிளேன் எழும்பும்வரை அசைய மாட்டேன் என்று நின்றார். கடைசியில் ஒரு சின்னப் பிளேன் இருமி இருமி எழும்பியது. கோயிலில் பூசை முடிந்தது போல எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

அந்தப் பிடிவாதம் எனக்கும் வந்திருக்கிறது. விருந்தாளிக்கு என்ன வேண்டும் என்று கேட்காத பழக்கமும் சேர்ந்துதான் வந்திருக்கிறது.

போனிலேயே ஆளை எடைபோடுவது

நானே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நான் சொன்னால் பெண் வீட்டுக்காரி பெருமை அடிக்கிறாள் என்று ஆகிவிடும். வெளியாள் வாயால் வர வேண்டும். அதனால் கைட்.

மூன்று நாள் போனும் கையுமாக இருந்தேன். ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் சுவிச்போர்டில் இருந்தவள் நான். மூன்று நிமிடம் கதைத்தால் ஆளுடைய சாதகமே எனக்குத் தெரிந்துவிடும்.

முதலில் மேல்தட்டு திறந்த பெரிய பஸ். "விளக்கம் தமிழில் இருக்கா தம்பி?" என்றேன். "இங்கிலிஷ் இருக்கு மேடம், சிங்களம் இருக்கு மேடம், சைனீஸ் கூட ஏற்பாடு செய்யலாம் மேடம்." "தமிழ்?" "கொஞ்சம் ஹோல்ட் பண்ணுங்க மேடம்." பத்து நிமிடம் பாட்டுப் போட்டார்கள். என்னையே ஹோல்டில் போடுகிறான்! இருபத்தெட்டு வருடம் கொழும்பையே ஹோல்டில் போட்டவள் நான். வைத்துவிட்டேன்.

அடுத்தது நடைப் பயணம். ஒரு பெடியன் வலு உற்சாகமாக, கோட்டை, புறக்கோட்டை, யாருக்கும் தெரியாத சந்து பொந்தெல்லாம் காட்டுவோம் என்றான். மூன்றரை மணித்தியாலமாம். "டொய்லெட் எங்க இருக்கு மகன்?" என்றேன். "போற வழியில தேடலாம் ஆன்டி" என்றான். அறுபது வயதைத் தாண்டிய இரண்டு பொம்பிளைகளைக் கூட்டிப் போகிறவன் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டாமா?

வாவியில் படகுச் சவாரி இருக்கிறது என்றாள் ஷெரின். குருநகரில் கடலைப் பார்த்து வளர்ந்த மனுசிக்கு வாவித் தண்ணீரைக் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. முச்சக்கரவண்டி டூரும் பார்த்தேன். அதில் மூன்று பேரும் இருந்தால் என்னுடைய உடம்புக்கு நடுவில் இருப்பவர் நசிந்துபோவார்.

கடைசியில் அகப்பட்டவள்தான் கொம்பனித்தெரு ஃபரீனா. முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்த வான், தானே ஓட்டி, தானே விளக்கம் சொல்கிறவள், தமிழில். நான் கேள்வி கேட்கும் முன் அவள் கேட்கத் தொடங்கினாள்.

"ஆன்டி, வாரவங்களுக்கு முழங்கால் நோவு ஈக்கா? வெயில் தாங்குவாங்களா? சாப்பாடு என்ன மாதிரி?"

எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. கேட்கத் தெரிந்த கைட்டுக்குத்தான் சொல்லவும் தெரியும்.

"கொழும்புக்கு முந்தி வந்தீக்காங்களா?"

"பாஸ்போர்ட் அலுவலா ஒண்டு ரெண்டு தரம் வந்திருப்பா. ஒண்டும் பார்த்திருக்க மாட்டா."

"அவங்கள்ட்ட கேட்டீங்களா?"

"கேக்க என்ன இருக்கு?" என்றேன்.

தெஹிவளை வாசகி இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கொழும்பில் பிறந்த நாங்கள் விடுகிற பிழை இது. வெளியூர்க்காரர் என்றால் கொழும்பைப் பார்க்காதவர் என்று நினைப்போம். அவர்கள் எந்தக் கொழும்பைப் பார்த்தார்கள் என்று கேட்க மாட்டோம்.

பாதையை நானே போட்டுக் கொடுத்தேன். காலிமுகத்திடல், சுதந்திரச் சதுக்கம், தாமரைக் கோபுரம், கோட்டை, பிறகு கொட்டாஞ்சேனை, முடிவில் கொச்சிக்கடைக் கோயில். "நல்ல விசயங்களா மட்டும் சொல்லுங்கோ மகள், இது கலியாண விசயம்" என்றும் சொல்லி வைத்தேன்.

"ஆன்டி, நான் கைட். கலியாணப் புரோக்கர் இல்ல" என்று சிரித்தாள்.

காற்று நல்லம்

அன்று காலை வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளற்றிலிருந்து எட்டு மணிக்குப் புறப்பட்டோம். கஞ்சி போட்ட நூல் சேலை, மடியில் கைப்பை, சின்னத் தண்ணீர்ப் போத்தல் என்று ரீச்சர் ஆயத்தமாக நின்றார். வாசலில் செருப்பைப் போடும்போது எங்களைப் பார்த்து, "எல்லாரும் ஐசி எடுத்தாச்சோ?" என்றார்.

"இப்ப ஆர் ரீச்சர் ஐசி கேக்கினம்?" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து தன் அடையாள அட்டை இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்துவிட்டு மூடினார்.

காலிமுகத்திடலில் சுடச்சுட இறால் வடை வாங்கிக் கொடுத்தேன். "காத்து நல்லம்" என்றார். சுதந்திரச் சதுக்கத்தில், "துப்புரவா வைச்சிருக்கினம்" என்றார். தாமரைக் கோபுரத்துக்குக் கீழே நின்று கழுத்தை நிமிர்த்தி, "உயரம்தான்" என்றார். கோட்டையில் பழைய கட்டடங்களைப் பற்றி ஃபரீனா அழகாகச் சொன்னாள். அதற்கு ஒரு "ம்" வந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. கண்ட இடமெல்லாம் காட்டுகிறேன், மனுசி பரீட்சைத் தாள் திருத்துவது போல ஒரு சொல் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போகிறாரே! ஷெரின் என் காதுக்குள், "மம்மி, சும்மா இருங்க, நெருக்காதீங்க" என்றாள். நானா நெருக்குகிறேன்? என் பிள்ளையை என் பக்கத்தில் வைத்திருக்கப் பாடுபடுகிறேன், அது நெருக்குதலா?

இனிக் கொட்டாஞ்சேனைதான் கடைசித் துரும்புச் சீட்டு என்று நினைத்தேன். நான் பிறந்து வளர்ந்து கலியாணம் முடித்த இடம். தெருவுக்குத் தெரு கண்ணாடிக் கூட்டுக்குள் மாதா சுருவம், ஒரே வேதக்காரச் சனம், தமிழ்ச் சத்தம். இங்கே மனுசி இளகாவிட்டால் வேறெங்கும் இளகாது. அதனால்தான் அந்த மரப் பல்கனி ஒழுங்கைக்குள் வானைத் திருப்பச் சொன்னேன்.

கேற்றுக்கு முன்னால்

நானும் ஷெரினும் இறங்கிப் பக்கத்தில் போனோம். ரீச்சர் எங்களைப் பார்க்காமலே சொன்னார்.

"கேற் மாத்திப்போட்டினம். முந்தி மரக் கேற்."

"ரீச்சர், இந்த வீட்டுக்காரரைத் தெரியுமோ?" என்றேன். இன்னும் எனக்கு விளங்கவில்லை, பாருங்கள்.

"தெரியாது. ஒருக்கா வாசலில நிண்டனான்."

பிறகு, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வது போல, அவசரமில்லாமல் சொன்னார்.

"ஜெறோமுக்கு அப்ப நாலு வயசு, சண்டை நடந்த காலம். தகப்பன் அலுவலாக் கொழும்புக்கு வந்தவர், லொட்ஜில வைச்சுப் பொலிஸ்காரர் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். எங்க வைச்சிருக்கிறாங்கள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேடி வந்தனான். நான் நிண்ட லொட்ஜ்காரன் ரெண்டாம் நாளே இறங்கச் சொல்லிப்போட்டான். எங்கட பாதர் ஒரு கடிதம் தந்துவிட்டவர். இவ எங்கட பங்குப் பிள்ளை, நல்ல குடும்பம், இடம் குடுத்து உதவுங்கோ எண்டு. அதைக் கொண்டு இந்த ஒழுங்கையில மேலயிருந்து கீழ வரைக்கும் கேட்டனான். வாசலில மாதா படம் இருக்கிற வீடாப் பாத்துப் பாத்துத் தட்டினனான்."

பின்னால் ஒரு முச்சக்கரவண்டி ஹோர்ன் அடித்தது. "மெத்தன நவத்தன்ன பே நங்கி!" இங்கே நிறுத்தக் கூடாது என்று கத்தினான். "பொட்டக் இன்ன அய்யே" என்றாள் ஃபரீனா. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, இறங்கி வந்து வானுக்குப் பின்னால் கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். ரீச்சர் முடிக்கும்வரை ஒரு வாகனத்தையும் அவள் விடவில்லை.

"என்ன சொன்னாங்க ஆன்டி, அந்த வீடுகளில?" என்று கேட்டாள் ஷெரின்.

"கடிதத்தை வாசிச்சவை. வாசிச்சிட்டு மடிச்சுத் திருப்பித் தந்தவை. இந்த வீட்டுப் பொம்பிளை பிள்ளைக்கு ஒரு பிஸ்கற் தந்தவ. அறை இல்லையாம். அவவுக்குப் பின்னால அறை திறந்து கிடந்தது. ஜெறோம் என்ர கன்னத்தைத் திருப்பிச் சொல்றான், 'அம்மா, அங்க கட்டில் இருக்கு' எண்டு."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அழவில்லை. வியர்வைதான் துடைத்தார்.

"கடைசியா ஒரு மடத்தில சிஸ்டர்மார் குசினிக்குப் பக்கத்தில படுக்க விட்டவை. முப்பத்தெட்டு நாள் கழிச்சு மனுசனை விட்டாங்கள். நாங்கள் அடுத்த நாளே போட்டம். அவர் சாகும் வரைக்கும் கொழும்புக்கு வரேல்ல. சனம் பயந்தது, எனக்கு விளங்குது ரீற்றா அக்கா. ஆனா விளங்கினாப்போல நோகாம இருக்குமோ? அதுதான் சொன்னனான், என்ர பிள்ளை இந்த ஊரில இருக்க வேண்டாமெண்டு."

ஷெரின் ரீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பிடிக்கவில்லை. என் கை எழும்பவில்லை.

என் வீட்டு முன்னறை

கொச்சிக்கடைக்குப் போகிற வழியில் நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தது தெருவை இல்லை.

எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் ஒரு முன்னறை இருந்தது. அண்ணன் டுபாய்க்குப் போன பிறகு காலி. அந்தக் காலத்தில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும். வடக்கிலிருந்து வந்த ஆளை வைத்திருந்தால் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று கதை. பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு அப்படி நடந்தும் இருந்தது. எனக்கு அப்போது ஷெரின் வயிற்றில் ஆறு மாதம்.

ஒரு பின்னேரம், மழை. இரண்டு பெண்பிள்ளைகளோடு ஒரு தாய் வாசலில் நின்றாள். கையில் ஒரு பாதரின் கடிதம், பொலித்தீன் பையில் சுற்றி. நான் வாங்கி வாசித்தேன். "அறை இல்லை" என்றேன். டடா உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்கக்கூட நான் போகவில்லை. என்னை அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானேதான் சொன்னேன், நானேதான் கதவைச் சாத்தினேன். பிள்ளைகளின் சப்பாத்திலிருந்து வடிந்த தண்ணீரை விறாந்தையில் துடைத்ததும் நான்தான்.

ரீச்சர் சொல்லி முடித்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? நல்ல காலம், எங்கள் வீட்டுக்கு வந்தவள் இவர் இல்லை. அவளோடு இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். கடவுளே நன்றி என்று மனதுக்குள் சொன்னேன். அடுத்த நிமிடமே வெட்கமாகப் போய்விட்டது. எதற்கு நன்றி? வேறொருத்தியை விரட்டியதற்கா?

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கே தெரியாது. சொன்னால் சம்பந்தம் முறியலாம். முறியாவிட்டாலும் என் பிள்ளை யாழ்ப்பாணத்துக்குப் போவது நிச்சயம். என்னைப் போன்ற ஒருத்தியின் பக்கத்தில் மகனையும் மருமகளையும் யார் விடுவார்கள்?

கோயிலுக்குள் மெழுகுதிரி மணம். மர வாங்கில் ரீச்சருக்குப் பக்கத்தில் இருந்தேன். ஷெரின் மறுபக்கம். மனுசியை ஏமாற்றி என் பிள்ளையை இங்கே வைத்திருப்பதைவிட, உண்மையைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று முடிவெடுத்தேன். எடுத்த பிறகு எனக்குத் தள்ளிப்போடத் தெரியாது.

"ரீச்சர், நானும் அப்பிடிச் சொன்னவள்தான்" என்றேன். முழுவதையும் சொன்னேன். வயிற்றுப் பிள்ளையைச் சாட்டாகச் சொல்லவில்லை. ஷெரின் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை இப்போதும் எழுத முடியவில்லை.

ரீச்சர் முன்னால் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாய்க்குப் பிறகு என்ன நடந்தது?"

"தெரியாது."

"தேடிப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

ரீச்சர் எழும்பி, ஒரு மெழுகுதிரி வாங்கிக் கொளுத்தி வைத்துவிட்டு வானுக்கு நடந்தார். வெள்ளவத்தையில் இறங்கும்போது ஃபரீனாவிடம் மட்டும், "வாகனத்தை நிப்பாட்டினதுக்கு நன்றி பிள்ளை" என்றார்.

அதுதான் தெஹிவளை வாசகிக்கு என் பதில். எத்தனை இடம் காட்டுவார்கள், ஏசி இருக்கா, சாப்பாடு தருவார்களா என்பதெல்லாம் பிறகு. விருந்தாளி "நிப்பாட்டுங்கோ" என்றால் நிப்பாட்டுகிற கைட்டாகப் பாருங்கள். பெரிய பஸ்ஸில் போயிருந்தால் அந்த ஒழுங்கைக்குள் நாங்கள் நுழைந்திருக்கவே மாட்டோம். பாதை போடுகிறபோது பாதியை விருந்தாளியிடம் விடுங்கள். முதலில் அவர்களிடம் கேளுங்கள் அம்மா, என்னைப் போல இருக்காதீர்கள்.

ரீச்சர் கேட்ட சீதனம்

பின்னேரம் ஐந்து மணிக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு போனேன். ரீச்சர் பல்கனியில் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கீழே கடற்கரை ரயில் ஒன்று பாணந்துறைப் பக்கம் சனத்தை அள்ளிக்கொண்டு போனது. சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து கதைத்தார்.

"அந்த ஒழுங்கையில எத்தினை வீடு தட்டினனான்! ஜெறோமின்ர படிப்பு, வேலை எண்டு இவ்வளவு காலத்தில எத்தினை கொழும்புச் சனத்தைச் சந்திச்சிருப்பன். எல்லாரும் தாங்கள் உதவி செய்தனாங்கள் எண்டுதான் சொல்லுவினம். இல்லையெண்டு சொன்னனான் எண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"உங்களில எனக்குக் கோவம் இருக்கு. அது போக நாள் எடுக்கும்" என்றார். "ஆனா பிள்ளையள் இஞ்சயே இருக்கட்டும். ஷெரினுக்கு இஞ்சதான் வேலை. என்ர பயத்தை அதுகளுக்குச் சீதனமாக் குடுக்க ஏலாது. எனக்கு ஒரு சீதனம் வேணும், தருவீங்களோ?"

"கேளுங்கோ ரீச்சர்."

"அதுகள் இருக்கப்போற வீட்டில ஒரு அறை கூடுதலா இருக்கோணும். எனக்கு. நான் இல்லாத நாளில ஊரிலயிருந்து ஆரும் இடம் கேட்டு வந்தா, அந்த அறையைக் குடுக்கோணும். படிக்க வாற பிள்ளையோ, மருந்தெடுக்க வாற ஆளோ, ஆராயிருந்தாலும். கதவை நீங்கள்தான் திறக்கோணும், ரீற்றா."

முதல்முறையாக 'அக்கா' இல்லாமல் என் பெயரைச் சொன்னார். நான் ஓம் என்றேன்.

கலியாணம் கொட்டாஞ்சேனையில் நடந்தது. இரண்டு அறை ஃபிளற் பார்த்து வைத்திருந்த தரகரைத் திட்டி அனுப்பிவிட்டு, மூன்று அறையாகத் தேடி, எங்களுக்கு நாலு தெரு தள்ளி எடுத்தோம். ரீச்சர் நத்தார்ப் பண்டிகைக்கு வந்து பத்து நாள் தங்கினார். மூன்றாம் நாளிலிருந்து என்னோடு வழக்கம் போலக் கதைத்தார்.

போன மாதம் மன்னாரிலிருந்து ஒரு தாய் போன் பண்ணினாள். ரீச்சர்தான் நம்பர் கொடுத்தாராம். மகளுக்குக் கொழும்பில் சத்திரசிகிச்சை, தங்க இடமில்லை. அவர்கள் வருகிற பின்னேரம் நான் மூன்று மணிக்கே ஷெரின் வீட்டுக்குப் போய், கட்டிலுக்குப் புதுத் துணி விரித்து, வாசலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். மணி அடித்தது. ஷெரின் குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

"நீ இரு" என்று அவளைத் தடுத்துவிட்டு, நான் எழும்பிப் போய்க் கதவைத் திறந்தேன்.